லாட்ஜ் 10.25 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி: பாட்டி சட்டிக்கு இது வாரிசாகுமா?

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி காலமானபின் வெளியே கேட்கப்படும் கேள்வி "வீடு யாருக்கு?" மனசுக்குள் ஓடும் கேள்வி "சட்டி யாருக்கு?" அடுப்பின் பின் பர்னரிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும், கறுத்துக் கனத்த வார்ப்பிரும்புச் சட்டி அது. அவருக்கு அதை அவருடைய அம்மா கொடுத்திருப்பார். சட்டி ஒன்று, பேரப்பிள்ளைகள் ஏழு பேர் என்றால் மீதி ஆறு பேரும் கடைக்குத்தான் போக வேண்டும். போனால் பெரும்பாலும் கையில் அகப்படுவது, டென்னசி மாநிலம் சவுத் பிட்ஸ்பர்க்கில் வார்க்கப்படும் லாட்ஜ் நிறுவனத்துச் சட்டி. இந்த மதிப்புரை அந்த ஆறு பேருக்கானது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும் இந்தச் சட்டி, கொடுக்கும் காசுக்கு மேலேயே உழைக்கும். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே பாட்டி சட்டி மாதிரி நடந்துகொள்ளாது. அதற்குச் சில மாதச் சமையல் வேண்டும். கூடவே பாட்டி சொன்ன பாடங்களும் வேண்டும். அந்தப் பாடங்களில் சில இன்றும் அப்படியே செல்லும், சிலவற்றுக்குக் காரணம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. சட்டியை எடைபோடும்போது அவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

விளிம்புக்கு விளிம்பு 10.25 அங்குலம், ஆழம் 2 அங்குலம், எடை ஏறக்குறைய 2.4 கிலோ. எண்ணெய் வடிக்க இரு பக்கமும் மூக்கு. கைப்பிடிக்கு நேர் எதிரே இன்னொரு சின்னப் பிடி. பழைய சட்டிகள் பலவற்றில் இந்தச் சின்னப் பிடி கிடையாது. கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவில் சுடும் ரொட்டி) நிரம்பிய சட்டியை ஓவனிலிருந்து ஒற்றைக் கையால் இழுத்தெடுக்கும் மணிக்கட்டு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, ஆகவே இது நல்ல மாற்றம். பெரிய கைப்பிடி குட்டையானது. சட்டியோடு ஒரே வார்ப்பு என்பதால் அதுவும் சேர்ந்து கொதிக்கும். ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, சூடு மறந்துபோய் வெறுங்கையால் பிடிப்பதுதான் இந்தச் சட்டி தரும் மிகப் பொதுவான காயம். எடுத்ததும் கைப்பிடி மேல் ஒரு துணியைப் போட்டுவைப்பது பழைய வீட்டு வழக்கம். அந்தத் துணியைப் பார்த்தால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அதற்காகவே விற்கும் சிலிக்கோன் உறையைவிட அதுவே போதும்.

இந்தச் சட்டியின் மாடல் எண்ணில் ஒரு 8 ஒளிந்திருக்கும். பழைய சட்டிகளின் அடியிலோ கைப்பிடியிலோ தனியாகவே '8' என்று வார்த்திருப்பார்கள். அது அங்குலக் கணக்கு அல்ல. விறகு அடுப்பின் மேல்தட்டில் இருந்த வட்ட மூடிகளின் அளவெண். எட்டாம் எண் மூடியைத் திறந்தால் அந்தத் துளையில் எட்டாம் எண் சட்டி பொருந்தும். விறகு அடுப்பு போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. பாட்டி சட்டியில் '8' இருந்தால், இந்த 10.25 அங்குலம்தான் அதற்குக் கிட்டத்தட்ட ஈடு. அவருடைய கண்ணளவுகள் எல்லாம் அந்த அகலத்துக்குப் பழகியவை. அதனால் பெரிதாக இருந்தால் நல்லது என்று 12 அங்குலம் வாங்கினால், அதே மாவு மெல்லிசாகப் பரவிக் காய்ந்துபோகும்.

இனிக் குறைக்கு வருவோம். புதுச் சட்டியின் உட்பரப்பைத் தடவிப் பாருங்கள், மணல் தாள் போல இருக்கும். மணல் அச்சில் வார்த்ததன் தடம் அது. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிரிஸ்வோல்ட் நிறுவனமும், ஒஹையோவின் சிட்னியில் வாக்னரும் வார்த்த பழைய சட்டிகளை வார்த்தபின் உட்பக்கம் தேய்த்து மழமழவென்று ஆக்கி விற்றார்கள். சுவரும் மெல்லிசு, எடையும் குறைவு. கறுப்பினக் குடும்பங்கள் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோனவற்றில் அலபாமாவின் பர்மிங்ஹாம் ஸ்டோவ் அண்ட் ரேஞ்ச் வார்த்த சட்டிகளும் உண்டு. அவற்றில் பெயரே இருக்காது, எண்ணும் 'மேட் இன் யூஎஸ்ஏ'வும் மட்டும் இருக்கும். பெயரில்லாத சட்டி மட்டமான சட்டி என்று நினைத்துப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடாதீர்கள்.

லாட்ஜ் 1896இல் தொடங்கிய வார்ப்பகம். 2002 முதல் சட்டிகளைத் தொழிற்சாலையிலேயே பழக்கி விற்கிறது. பழக்குதல் என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை, தோசைக்கல் இருக்கும் வீட்டில் எல்லாம் புழங்கும் சொல்தான். சூட்டில் எண்ணெய் இரும்போடு ஒட்டிக் கெட்டியாகி, அரக்குப் பூச்சு போல ஒரு படலமாகிறது. லாட்ஜ் சோயா எண்ணெயைத் தெளித்துச் சுட்டெடுக்கிறது. துருப்பிடிக்காமல் கடையிலிருந்து வீடு வந்து சேர அது போதும், முட்டை ஒட்டாமல் வழுக்க அது போதாது. புதுச் சட்டியில் முதல் நாளே முட்டை உடைத்து ஊற்றிவிட்டு "மோசமான சட்டி" என்று ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் ஏராளம். சட்டி மேல் தப்பில்லை. முதல் சில வாரங்களுக்கு அதில் கொழுப்பும் சூடும் சேரும் சமையல் மட்டும் செய்யுங்கள்: கார்ன்பிரெட், பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறிச் சீவல்), வெங்காயத்தோடு வறுத்த உருளைக்கிழங்கு, பொரித்த கோழி. முட்டை, மீன், தக்காளி, மூன்றும் காத்திருக்கட்டும்.

அவசரமென்றால் ஓவனில் பழக்கலாம். நூற்றில் எண்பது பேர் தவறுவது இங்கேதான் என்று சத்தியம் செய்வேன். சட்டியை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, பர்னரில் ஈரம் முழுக்க ஓடும்வரை காயவையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி கிரிஸ்கோவோ (கெட்டியான தாவரக் கொழுப்பு) வேறு தாவர எண்ணெயோ எடுத்து உள்ளே, வெளியே, அடியில், கைப்பிடியில் பூசுங்கள். பிறகு வேறொரு உலர்ந்த துணியால், எண்ணெயே பூசவில்லை என்று நம்பும் அளவுக்குத் துடைத்தெடுங்கள். இந்த இரண்டாவது துடைப்புதான் முழுப் பாடமும். ஓவனில் கவிழ்த்து வைத்து, கீழ்த்தட்டில் அலுமினியத் தாள் விரித்து, 450 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் விடுங்கள். 230 செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அணைத்தபின் உள்ளேயே ஆறட்டும். மூன்று முறை செய்தால் வித்தியாசம் தெரியும். எடுக்கும்போது தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய் அதிகம், அல்லது சூடு போதவில்லை. இன்னும் எண்ணெய் தடவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், எண்ணெய் தடவாமல் இன்னொரு மணி நேரம் சுடுங்கள். ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு காலத்தில் பெரும் புகழ் இருந்தது. பூச்சு கண்ணாடி போல மின்னும், கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும். வேண்டாம்.

அடுப்போரம் பழைய கிரிஸ்கோ டப்பாவில் சேமித்த பேக்கன் கொழுப்பைத்தான் பாட்டி பழக்கப் பயன்படுத்தினார் என்று பலரும் சொல்வார்கள். சமைக்க அதைவிட மணமான கொழுப்பு இல்லை. ஓவனில் பழக்க மட்டும் அது சுமார்தான். அதில் உப்பும் இறைச்சித் துகளும் இருக்கும், படலம் திட்டுத்திட்டாக வரும். அந்த டப்பாவை வைத்திருப்பவர்கள் சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டிக் குளிர்ப்பெட்டியில் வைப்பது மேல். அடுப்போரம் வாரக்கணக்கில் கிடந்தால் சிக்கு நாற்றம் வந்து, அந்த வாடை நேராகக் கார்ன்பிரெட்டில் ஏறும்.

கார்ன்பிரெட்டைச் செய்து பார்க்காமல் இந்தச் சட்டியை மதிப்பிட முடியாது. மக்காச்சோள மாவு இந்தக் குடும்பங்களின் சமையலுக்குள் விருப்பத்தால் வந்ததில்லை. அடிமைத்தனக் காலத்தில் பல தோட்டங்களில் ஆளுக்கு வாரப்படியாக அளந்தது ஒரு பெக், ஏறக்குறைய ஒன்பது லிட்டர் கொள்ளளவு சோள மாவும் கொஞ்சம் உப்பிட்ட பன்றிக்கறியும். அதிலிருந்து பிறந்த கைப்பக்குவம்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை மேசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சட்டிக்குச் சரியாக வரும் அளவு இது. மஞ்சள் மக்காச்சோள மாவு ஒன்றரை கப், மைதா அரை கப், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி, கெட்டி மோர் ஒன்றரை கப், முட்டை இரண்டு, உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. சட்டிக்குத் தனியாக இரண்டு மேசைக்கரண்டி பேக்கன் கொழுப்பு அல்லது கிரிஸ்கோ. ஓவன் 425 பாரன்ஹீட், அதாவது 220 செல்சியஸ். காலிச் சட்டியை ஓவன் சூடேறும்போதே உள்ளே வைத்துவிடுங்கள். ஓவன் சூடானபின்னும் பத்து நிமிடம் அது உள்ளேயே இருக்கட்டும். அந்த நேரத்தில் மாவைக் கலக்குங்கள். உலர்ந்தவை தனி, ஈரமானவை தனி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டிகள் கொஞ்சம் தெரியும்போதே நிறுத்திவிடுங்கள்.

சட்டியை வெளியே எடுத்துக் கொழுப்பைப் போட்டுச் சுழற்றுங்கள். அது உடனே உருகி அலை அலையாக மினுங்கும். மாவை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 'சுர்' என்று சத்தம் வந்து சொட்டின் ஓரம் சுருண்டால் ஊற்றலாம். சத்தமில்லாமல் சொட்டு தட்டையாகக் கிடந்தால் சட்டியைத் திரும்ப உள்ளே வையுங்கள். பல வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அளவு அல்ல, இந்தச் சத்தம். ஊற்றிய கணமே விளிம்பில் மாவு பொரிந்து, கொழுப்பு மேலேறி ஒரு வளையமாகச் சுற்றி நிற்கும். அந்த வளையம்தான் பிறகு முறுகல் ஓரமாகிறது. 20 முதல் 25 நிமிடம். வெந்ததும் சட்டியிலேயே விட்டால் அடி வியர்த்து முறுகல் நமத்துப்போகும். ஐந்து நிமிடத்தில் தட்டில் கவிழ்த்துவிடுங்கள். லாட்ஜின் சொரசொரப்பு இந்த இடத்தில் தோற்கவே இல்லை. சட்டி போதிய சூட்டில் இருந்தால் புதுச் சட்டியிலும் முழு வட்டமாக விழும். விழாவிட்டால் கொழுப்பைக் குளிர்ந்த சட்டியில் போட்டிருக்கிறீர்கள்.

சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை. தெற்கத்தி வெள்ளையர் வீடுகளில் பொதுவாக வெள்ளைச் சோள மாவு, சர்க்கரை கிடையாது. கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலும் மஞ்சள் மாவு, சர்க்கரை உண்டு. 'பெரும்பாலும்' என்ற சொல்லை நன்றாக அழுத்திப் படியுங்கள், ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சியும் இருக்கும். சர்க்கரை கூடக் கூட அடி சீக்கிரம் கருகும், அது மட்டும் கட்சி பேதமில்லாத உண்மை. பாட்டியின் ரகசியம் என்று ஊரே நம்பியது நீல எழுத்து போட்ட ஜிஃபி மாவுப் பெட்டியாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மிச்சிகனின் செல்சீ ஊரில் தயாராகும் 8.5 அவுன்ஸ் பெட்டி அது. இந்தச் சட்டிக்கு இரண்டு பெட்டி வேண்டும். ஒன்றை மட்டும் ஊற்றினால் பிஸ்கட் கனத்துக்குத்தான் வரும்.

கோழி பொரிப்பதில் சட்டிக்கு அவ்வளவு மதிப்பெண் தர முடியவில்லை. ஆழம் 2 அங்குலம்தான். முக்கால் அங்குலத்துக்கு மேல் எண்ணெய் நிற்கக்கூடாது, ஏறக்குறைய மூன்று கப், 700 மில்லி. துண்டுகள் போட்டதும் மட்டம் ஏறும், நுரைக்கும், அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். ஒரு முறைக்கு நான்கு துண்டு. எட்டுத் துண்டாக வெட்டிய ஒரு கோழிக்கு இரண்டு ஈடு. எண்ணெய் 350 பாரன்ஹீட்டில் இருக்கும்போது போட்டால் 300 வரை சரியும். வார்ப்பிரும்பின் கனம் அதை மெல்ல மீட்டெடுக்கும். ஆறு துண்டைத் திணித்தால் மீளாது, மேல்மாவு எண்ணெய் குடித்துச் சொதசொதக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பதினைந்து இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். தொடையும் காலும் முதலில், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மார்புத் துண்டு முன்பே வெந்துவிடும். எலும்பை ஒட்டி 165 பாரன்ஹீட் காட்டினால் எடுக்கலாம். வாரா வாரம் கோழி பொரிக்கும் வீடென்றால் இதே நிறுவனத்தின் 3 அங்குல ஆழச் சட்டியை வாங்குங்கள்.

இந்தக் கோழிக்கு ஒரு பயண வரலாறும் உண்டு. 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று பெயர்ந்தார்கள். வழியிலுள்ள உணவகங்களும் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியும் அவர்களைச் சேர்க்காது. ஆகவே பொரித்த கோழி, அவித்த முட்டை, பவுண்ட் கேக் எல்லாம் காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். மறுநாளும் கெடாமல், ஆறினாலும் தின்னும்படி பொரிப்பது அன்றைய தேவை. பழைய கைகள் கோழியை இன்றைய உணவகங்களைவிட ஒரு படி அதிகம் முறுக விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மீனுக்குத் தனிச் சட்டி. வெள்ளிக்கிழமை சோள மாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தியின் வாடை ஞாயிற்றுக்கிழமை கார்ன்பிரெட்டில் வந்தே தீரும். 8 அங்குலச் சட்டி ஒன்றை அதற்கென்று ஒதுக்குவது பழைய வீடுகளில் கண்டிப்பான சட்டம், இன்றும் அது சரிதான். ஒரே சட்டிதான் என்றால், கழுவியபின் 400 பாரன்ஹீட் ஓவனில் காலியாகக் கால் மணி நேரம் வையுங்கள், வாடை பெருமளவு போகும்.

சோப்பு விஷயத்துக்கு வருவோம், குடும்பச் சண்டைகளில் பாதி இங்கேதான். "என் சட்டியில் சோப்புப் போடாதே" என்று பிக் மாமா (நம்முடைய மாமா இல்லை, அங்கே பாட்டியைத்தான் பல வீடுகளில் இப்படிக் கூப்பிடுவார்கள்) சொன்னது வெற்றுப் பிடிவாதம் அல்ல. அவருக்கு முந்திய தலைமுறை புழங்கியது சாம்பல் காரத்திலும் பன்றிக் கொழுப்பிலும் வீட்டிலேயே காய்ச்சிய சோப்பு. காரம் மிஞ்சிய சோப்பு பழக்கிய படலத்தைத் தின்றுவிடும். இன்றைய பாத்திரத் திரவத்தில் அந்தக் காரம் இல்லை. இரண்டு சொட்டு விட்டுக் கழுவினால் எதுவும் ஆகாது. பாடம் சரி, அதன் காரணம் மட்டும் போய்விட்டது. ஊறப்போடுவது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது, இரண்டும் இன்றும் பாவம். ஒட்டியதைச் சுரண்ட ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு போதும். கழுவியதும் பர்னரில் இரண்டு மூன்று நிமிடம் காயவைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவித் துடைத்து வைக்க வேண்டும் என்பதைக் கொஞ்சமும் தளர்த்த முடியாது. துணியால் துடைத்து மட்டும் வைத்தால் அந்தச் சொரசொரப்பின் குழிகளில் ஈரம் தங்கும். மறுநாள் காலை ஆரஞ்சு நிறப் புள்ளிகளைப் பார்ப்பீர்கள்.

தக்காளி, வினிகர் கூடாது என்பதில் பாதி உண்மை. நன்றாகப் பழகிய சட்டியில் அரை மணி நேரத்துக்குள் முடியும் தக்காளிக் குழம்பு பாதகமில்லை, உடனே கழுவிவிட்டால் சரி. புதுச் சட்டியிலோ மணிக்கணக்கிலோ வைத்தால் இரும்பு வாடை இறங்கும், படலம் மங்கும். வினிகர் சேர்த்து வேகும் காலர்ட் கீரைக்குப் பானைதான் சரி. உலோகக் கரண்டி படக்கூடாது என்பது ஒட்டாத பூச்சுச் சட்டிகளின் பாடம், தவறி இந்தச் சட்டிக்கு வந்து சேர்ந்தது. தட்டையான உலோகக் கரண்டி மேடுகளைத் தேய்த்து நன்மையே செய்கிறது. சூடான சட்டியில் தண்ணீர் ஊற்றாதே என்பதோ முழு உண்மை. வெடிப்பு விட்டால் வீட்டில் ஒட்டவைக்க வழியில்லை.

பாட்டி சட்டியே கிடைத்த அதிர்ஷ்டசாலிக்குச் சில எச்சரிக்கைகள். முதல் வேலை ஈயச் சோதனை. பழைய நாட்களில் தூண்டில் குண்டும் துப்பாக்கிக் குண்டும் வார்க்க இதே மாதிரிச் சட்டிகளில்தான் ஈயம் உருக்கினார்கள். குடும்பத்தில் அதன் வரலாறு முழுக்கத் தெரிந்தால் பயமில்லை. இடையில் சில ஆண்டு கொட்டகையில் கிடந்தது என்றாலே சோதித்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் சுவரில் மாட்டுவதோடு நிறுத்துங்கள். அடுத்தது சமதளச் சோதனை. கண்ணாடி மேல்தள அடுப்பில் வைத்துச் சுழற்றினால் பம்பரம் மாதிரி சுற்றும் சட்டியில் சூடு சீராகப் பரவாது. எரிவாயு அடுப்பில் சமாளிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் தடித்த லாட்ஜ் பழையதைவிட நம்பகமானது. ஆனால் கண்ணாடி அடுப்பில் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், அந்தச் சொரசொரப்பு கீறிவிடும்.

வெளிப்புறம் அடை அடையாகக் கருகிக் கிடக்கும் பக்கு, பழக்கிய படலம் அல்ல. எரிந்த எண்ணெய். அதை எடுக்கத் தீயில் போடுவது பலர் சொல்லும் பழைய முறை. அதில் சட்டி கோணும், இரும்பு சிவந்து பிறகு எந்தப் பூச்சும் பிடிக்காது. காரம் சேர்ந்த ஓவன் துப்புரவு நுரையை அடித்து, குப்பைப் பையில் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்துக் கழுவுவது பத்திரம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துரு மட்டும் என்றால் வினிகரும் தண்ணீரும் சமபங்கில், அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மறந்து இரவு முழுக்க விட்டால் இரும்பையே தின்னும். பக்கு உரிக்கும்போது "பாட்டியின் 60 வருடப் பழக்கம் போகிறதே" என்று அழும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். உட்பரப்பின் படலம் ஒவ்வொரு சமையலிலும் கொஞ்சம் தேய்ந்து கொஞ்சம் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. பாட்டியே அதைப் பலமுறை புதுப்பித்திருப்பார். இதை அந்த உறவினரிடம் சொல்லும் தைரியம் மட்டும் உங்கள் பொறுப்பு.

சட்டியைவிட வாங்கிக்கொள்ளக் கடினமானது அளவு. "பார்த்தால் தெரியும்" என்பதே பல வீடுகளில் செய்முறைக் குறிப்பு. விர்ஜீனியாவில் விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய ஃப்ரீடவுனில் 1916இல் பிறந்த சமையல் மேதை எட்னா லூயிஸின் வீட்டில், பேக்கிங் பவுடரை நாணயத்தின் மேல் குவித்து அளந்தார்கள். கேக் வெந்ததா என்பதை அவர் காதால் கேட்டே சொல்வார். உள்ளே இன்னும் குமிழி பேசினால் வேகவில்லை, சத்தம் அடங்கினால் எடுக்கலாம். இந்த வகை அறிவைக் கேள்வி கேட்டு வாங்க முடியாது. எத்தனை கப் என்று கேட்டால் பாட்டி ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார், அது சரியாக இருக்காது. கேட்பதை விட்டுவிட்டு, மாவுப் பையை டிஜிட்டல் தராசில் வைத்துவிடுங்கள். அவர் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும். போட்டபின் தராசு காட்டும் குறைவுதான் அவருடைய கைப்பிடி அளவு. மோர், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றுக்கும் இதே வழி. மூன்று ஞாயிறு இப்படி எடுத்துச் சராசரி பாருங்கள், ஒரு நாள் கை ஒரு நாள் போல இருக்காது. மாவு கரண்டியிலிருந்து விழும் வேகத்தைக் கைபேசியில் பதிந்து வைத்தால் எழுத்தில் பிடிபடாததும் கிடைக்கும்.

இனி ஏழு பேரப்பிள்ளைகள் கணக்கு. உயில் எழுதாமல் போனதால் வாரிசுகள் எல்லாருக்கும் பிரிக்காத பங்காக விழுந்து, ஒரு பங்குதாரர் விற்றதும் நீதிமன்ற ஏலம்வரை போய், கறுப்பினக் குடும்பங்கள் கைவிட்டுப் போன நிலம் தெற்கில் ஏராளம். சட்டிக்கும் வாய்ச்சொல் போதாது. யாருக்கு என்பதைப் பாட்டி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் மாமன் சித்தி பேச்சுக்கு இடம் குறையும்.

மீதி ஆறு பேருக்கு இந்த லாட்ஜையே பாட்டி இருக்கும்போதே வாங்குங்கள். ஒவ்வொன்றையும் அவர் அடுப்பில் மாற்றி மாற்றி நான்கு ஞாயிறு விட்டுவையுங்கள். நான்கு கார்ன்பிரெட்டும் ஒரு ஈடு கோழியும் கண்ட லாட்ஜ், ஓவனில் மூன்று முறை பழக்கியதைவிட நன்றாக வழுக்கும். கை நடுங்கும் வயது என்றால் 2.4 கிலோ அவருக்குப் பாரம். தூக்கி இறக்கும் வேலை பேரனுக்கு, 'சுர்' சத்தம் கேட்டு "ஊற்று" என்று சொல்லும் வேலை அவருக்கு. பெயரைச் சட்டியின் அடியில் பேனாவால் எழுதினால் முதல் சமையலிலேயே எரிந்துபோகும். கைப்பிடி நுனியில் மாட்டுவதற்கென்று இருக்கும் துளையில் எஃகுக் கம்பியால் கோத்த சின்ன வில்லையில் பொறித்துக் கட்டுங்கள், ஓவனுக்கும் அது தாங்கும்.